இரண்டு வீட்டிலும் கட்டன் சாயா

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். வெளியே சாரல். முற்றம் பெருக்கி முடிக்க 5.40 ஆனது. வேதம் வாசித்தேன், இட்லி அவித்தேன், அண்ணனுக்கு மாத்திரை எடுத்து வைத்தேன். 8.45க்கு வீட்டை விட்டு இறங்கி, சாலையைச் சுற்றி நடந்து, 9.05க்குக் கடையைத் திறந்தேன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள சிறிய தட்டச்சுக் கடை. முன்பு இரண்டு இயந்திரங்கள் இருந்தன. இப்போது ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும். முதல் வேலை ஒரு வாடகை ஒப்பந்தம், நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது, 11.20க்கு, திருச்சபைச் செயலர் போன் செய்தார்.

"மொழிபெயர்ப்புக்கார அக்கா ராத்திரி ஒறக்கத்துலயே போயிட்டாங்கோ. மகன் மஸ்கட்டுலயிருந்து இண்ணைக்கு வாறான். நாள பத்து மணிக்கு அடக்கம். வாழ்க்கைக் குறிப்பு நீதான் எழுதணும் கேட்டியா. ஒன்னய விட அவங்கள ஆருக்குத் தெரியும்?"

சரி என்று சொல்லிவிட்டு வாடகை ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்தேன்.

எங்கள் சபையில் அடக்க ஆராதனையின்போது இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை ஒருவர் எழுந்து நின்று வாசிப்பது வழக்கம். ஒரு பக்கத்துக்கு மிகாது. பிறப்பு, படிப்பு, திருமணம், பிள்ளைகள், சபைக்குச் செய்த ஊழியம், கடைசியில் ஒரு வசனம். இதுவரை இருபத்தாறு குறிப்புகள் தட்டச்சு செய்திருக்கிறேன். பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றிய நாட்களும் உண்டு. இவருக்கு அப்படி எழுத முடியாது. அதிலும் நான் எழுதுவது சரியல்ல. இவருடைய தொழில் போனதற்குக் காரணம் நான். பன்னிரண்டு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை, என் நாட்குறிப்பிலும் எழுதியதில்லை.

எங்கள் மாவட்டத்தில் பழைய நிலப் பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் எழுதியவை. ஆதாரம் என்போம். விற்பதற்கும் வாங்குவதற்கும் வழக்குக்கும் அவற்றைத் தமிழாக்க வேண்டும். அக்கா மலையாளப் பள்ளியில் படித்தவர். ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு தமிழில் படித்தவர். அவர் ஆதாரத்தை வாசித்துத் தமிழில் சொல்ல, நான் தட்டச்சு செய்வேன். பத்தொன்பது வருடம் அப்படி வேலை செய்தோம்.

உட்கார்ந்து சொல்ல மாட்டார். நின்றுகொண்டேதான். ஒரு வாக்கியத்தை மனதுக்குள் வாசிப்பார், கண்ணாடியைக் கழற்றுவார், மின்விசிறியைப் பார்ப்பார், பிறகு சொல்வார். சொன்னது சொன்னதுதான், திருத்தம் வராது. பழைய கல்யாணக் கார்டுகளின் பின்பக்கத்தில் குறிப்பு எடுப்பார். "ஒரு பக்கம்தானே செலவாயிருக்கு" என்பார்.

அவர் வழக்கம் ஒன்று உண்டு. மொழிபெயர்த்து முடித்ததும், அந்த ஆதாரத்தில் எந்த இரண்டு தரப்பு சம்பந்தப்பட்டிருக்கிறதோ அந்த இரண்டு வீட்டுக்கும் அன்றே போய் ஒருமுறை வாசித்துக் காட்டுவார். வேலை கொடுத்தவர் ஒரு தரப்புதான். ஆனாலும் அடுத்த வீட்டுக்கும் போவார். இதற்கு ஒப்புக்கொண்டால்தான் ஆதாரத்தைக் கையில் வாங்குவார். எல்லாருக்கும் இது தெரியும். முதல் வீட்டில் பால் விடாத கட்டன் சாயா குடித்தால் இரண்டாம் வீட்டிலும் கட்டன் சாயா. முதல் வீட்டில் ஒரு பிஸ்கட் தின்றிருந்தால், இரண்டாம் வீட்டில் வாய்விட்டே கேட்பார்: "அங்க ஒண்ணு தின்னேன். இங்கயும் ஒண்ணு தாருங்கோ."

ஒருமுறை கடியப்பட்டணத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். அண்ணன் தம்பி இருவர், நடுவே ஒரு வீட்டுமனை. அண்ணன் வீட்டில் பொரித்த மீனை வைத்து, தின்னாமல் விடமாட்டேன் என்று அண்ணன் மனைவி மல்லுக்கு நின்றார். அக்கா ஒரு துண்டு தின்றார். வாசித்தார். தம்பி வீட்டுக்குப் போனோம். தம்பி மனைவி சாயா கொண்டுவந்தார்.

"மீன் இல்லியா மக்கா?"

"இண்ணைக்கு வள்ளம் போகேல்லக்கா. முறுக்கு தாறேன்."

"அங்க மீன் தின்னேன். இங்கயும் மீன்தான் வேணும். இல்லேன்னா வாசிக்க மாட்டேன்."

"இது என்ன கூத்து!" என்றார் தம்பி. "மீனுக்கு நான் கடல்ல சாடணுமா?"

அக்கா மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அரை மணி நேரம் ஆனது. கடைசியில் தம்பி மனைவி ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, முணுமுணுத்தபடி, அண்ணன் வீட்டுக்கே போய் இரண்டு துண்டு வாங்கி வந்தார். நான்கு வருடமாக அந்த வாசலை மிதிக்காதவராம். நான் இதை ஒரு நல்ல கதையாகப் பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் வழக்கு நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அக்காவாக இருந்தால் சேர்த்துத்தான் சொல்வார்.

இந்த குணம் எல்லா இடத்திலும் இனிப்பாக இருந்ததில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பையனைப் பற்றி இவரிடம் விசாரித்தார்கள். "நல்ல பையன். பெத்த தள்ளைய பொன்னுபோலப் பாப்பான். சனிக்கிழமை குடிப்பான்." பையன் வீட்டாரும் பெண்ணைப் பற்றி இவரிடமே விசாரித்தார்கள். "கெட்டிக்காரி. ஒரு நோக்காடும் இல்ல. வாயத் திறந்தா மூட மாட்டா." கல்யாணம் நின்றது. இரண்டு வீட்டாரும் சில காலம் இவரோடு பேசவில்லை. நான் கேட்டேன்: "பாதியச் சொல்லாம விட்டா என்னக்கா?"

"எந்தப் பாதிய?"



இரண்டு பக்கம் உள்ள எதற்கும் என்னென்ன சொல் உண்டு என்று சேர்த்துவைப்பது அவருக்குப் பழக்கம். ஆதாரத்தில் ஒரு சொல் இரண்டு விதமாகவும் போகும் என்றால் இரண்டையும் எழுதச் சொல்லி, ஓரத்தில் 'ஈரடி' என்று குறிக்கச் சொல்வார். அதிலிருந்து தொடங்கிய சேகரம். கல்யாணக் கார்டுகளின் பின்னால் பென்சிலில் வரும்: இருபொருள், கவர்பொருள், சிலேடை, இருமுகம், இருமனம், இரட்டை வேடம், இரண்டுங்கெட்டான், மழுப்பல். அகராதியில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். இவருக்கு ஒவ்வொன்றும் தனி. ஒரு வக்கீல் குமாஸ்தா வந்து, "எக்கா, இந்த எல்லைய மட்டும் செத்த ஈரடியா எழுதுங்கோ" என்று கேட்டார்.

"ஈரடி தானா வரும் தம்பி. எழுதினவனுக்கே தெரியாம வரும். அது வார்த்தைக்க கொணம். நீ கேக்கது மழுப்பலு. அது மனுசனுக்க கொணம். அதுக்கு வேற ஆளப் பாரு."

"ரெண்டும் ஒண்ணுதானக்கா?"

"ரெண்டும் ஒண்ணுன்னா ரெண்டு சொல்லு எதுக்குலே?"

குமாஸ்தா சிரித்தபடி போனார். நானும் சிரித்தேன். இன்னொருவர் வீட்டு ஆதாரம் என்றால் சிரிப்பது எளிது.

எங்கள் வீட்டுக்கும் தங்கபாய் வீட்டுக்கும் நடுவே ஒரு இடவழி உண்டு. நான்கடி அகலம், இரண்டு பக்கமும் கல்கட்டு. அந்த வழியே போனால் என் கடைக்கு ஏழு நிமிடம். 2012இல் அண்ணன் கார் வாங்கினார். இடவழியை எங்கள் பக்கம் சேர்த்து ஷெட் போட வேண்டும் என்றார். தங்கபாய் தனியாக இருப்பவர், ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு மலையாள ஆதாரம் இருந்தது. அது எங்கள் பக்கம்தான் பேசும் என்ற நம்பிக்கையில் நானே அதை அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். மின்விசிறியைப் பார்த்தார். "மேற்படி வழியில் இரு வீட்டாரும், அவரவர் சந்ததியாரும், என்றைக்கும் தடையின்றி நடந்து போய்வர வேண்டியது." நான் அடித்தேன். அடித்து முடித்த பிறகு கை நின்றது.

"எக்கா, அந்த வரிய இன்னொரு தடவ பாருங்கோ. வேற மாதிரி எடுக்க வழி உண்டுமா?"

மூன்று முறை பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார். "ஈரடி இருந்தா நானே சொல்லுவேன் மக்கா. இதுல இல்ல. வெட்டி வச்சது போல கெடக்கு."

அன்று மாலை 4.30க்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டன் சாயா குடித்துக்கொண்டே வாசித்தார். அண்ணன் முகம் கறுத்தது.

"இது எங்க பெட்டியில கெடந்த ஆதாரம். அங்க கொண்டுபோயி வாசிக்காண்டாம்."

"அவங்களுக்கும் வழி உண்டுன்னு எழுதியிருக்குல்லா தம்பி. வாசிக்கணும்."

"அவ உங்களக் கூப்பிட்டாளா?"

"கூப்பிடாட்டாலும் போவேன். புதுசா ஒண்ணும் இல்லியே."

நான் குறுக்கே புகுந்தேன். "எக்கா, இந்த ஒரு தடவ மட்டும் விடுங்கோ. எனக்காக."

அவர் என்னைப் பார்த்தார். "நீ அடிச்ச பேப்பருதானே மக்கா. தப்பா அடிச்சியா?"

"இல்ல."

"அப்பம் என்ன?"

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு இடவழியில் இறங்கிப் போனார். எங்கள் அடுக்களை ஜன்னலில் நின்று கேட்டேன். அதே வரிகள், அதே வேகம், எங்கள் வீட்டில் மூச்சு வாங்கிய அதே இடத்தில் அங்கேயும் மூச்சு வாங்கினார். இடையில் ஒருமுறை, "சீனி வேண்டாம், அங்கயும் சீனி போடேல்ல" என்ற குரல் கேட்டது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வளாகத்தில் பெண்கள் நின்றுகொண்டிருந்தோம். என்னோடு சேர்த்து ஏழு பேர். அங்கே நான் சொன்னேன்: "அவ ரெட்ட நாக்குக்காரி. எங்க வீட்டுச் சாயாவையும் குடிச்சிட்டு, எங்க வீட்டு விசயத்த அங்க போயி ஊதினா." அண்ணன் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். அன்றைய நாட்குறிப்பை இன்று எடுத்துப் பார்த்தேன். "ஆராதனை 8.30. பிரசங்கம் நீளம். மழை இல்லை" என்று இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

அந்தப் பட்டம் அடுத்த ஞாயிறு வரைகூடக் காத்திருக்கவில்லை. பதிவு அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறவர்கள் "ரெட்டநாக்கு அக்கா" என்று சொல்வதை மூன்றாம் நாளே என் காதால் கேட்டேன். அவருடைய வழக்கத்தால் முன்பே எரிச்சல் கொண்டிருந்த பலருக்கு, அந்த எரிச்சலுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டிருந்தது. நான் கொடுத்தேன். என் வாயிலிருந்து வந்ததால் எல்லாரும் நம்பினார்கள். பத்தொன்பது வருடம் கூடவே இருந்தவளே சொல்கிறாள் என்றால் சும்மாவா? ஆதாரங்கள் வேறொருவரிடம் போகத் தொடங்கின. அந்தக் கிறிஸ்துமஸுக்குள் அக்காவுக்கு வேலை இல்லை. அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

அன்று அக்கா வாசித்துவிட்டுக் கொடுத்த பிரதி தங்கபாயிடம் இருந்ததால் ஷெட் வரவில்லை. இடவழி திறந்தே கிடந்தது. ஆனால் எங்கள் வீட்டார் யாரும் அதில் நடப்பதில்லை என்று அண்ணன் தீர்மானித்தார். அன்றிலிருந்து நான் சாலையைச் சுற்றித்தான் போகிறேன்.

அந்த ஞாயிறுக்கு இரண்டு வாரம் கழித்து அக்கா கடைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பையிலிருந்து ஒரு கல்யாணக் கார்டை எடுத்து நீட்டினார். "இத அடிச்சுத் தா. ரெண்டு காப்பி."

அவருடைய சொற்கள். இந்த முறை ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு விளக்கம் எழுதியிருந்தார். அவர் சொல்லாமல் நின்றார், நான் பார்த்து அடித்தேன்.

ஈரடி: சொல் தானாக இரண்டு வழி போவது.
சிலேடை: இரண்டு வழி போகட்டும் என்று அழகுக்குச் செய்வது.
மழுப்பல்: இரண்டு வழி போகட்டும் என்று பயத்தில் செய்வது.
இருமனம்: தனக்குள்ளேயே இரண்டு பக்கம் இழுப்பது.
இரட்டை வேடம்: இங்கே ஓர் ஆள், அங்கே வேறு ஆள்.
இரட்டை நாக்கு: இங்கே ஒன்றும் அங்கே வேறொன்றும் சொல்வது.

கடைசி வரியில் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. எதிரே: இங்கே சொன்னதையே அங்கேயும் சொல்வது.

"இதுக்கு என்னக்கா போட?" என்றேன்.

"எனக்குக் கிடைக்கேல்ல. அந்த ஆறுல ஒண்ணும் இதுக்குச் சேராது. அந்தக் கோட்ட அப்பிடியே போடு." ஒரு பிரதியை மடித்துப் பையில் வைத்தார். இன்னொன்றை மேசையிலேயே விட்டார். "இது உனக்கு."

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. ஆலயத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவார். ஆராதனை முடிந்து திரும்பும்போது "சுகமா மக்கா?" என்பார். "சுகம்தானக்கா" என்பேன். பன்னிரண்டு வருடத்தில் அதைத் தாண்டி நாங்கள் பேசவில்லை. அவர் கேட்காமல் போன ஞாயிறும் இல்லை.

இன்று 2.15க்குக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். முதல் பிரதி இருபது நிமிடத்தில் முடிந்தது. "சிறந்த மொழிபெயர்ப்பாளர், அனைவரிடமும் அன்பு பாராட்டியவர், முதுமை காரணமாகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்" என்று வந்தது. வாசித்துப் பார்த்தேன். அக்காவின் ஆறு சொற்களில் இது எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது, மழுப்பல். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது பிரதி 5.00க்கு முடிந்தது. அதன் நடுவில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இவரை இரட்டை நாக்கு என்று முதலில் சொன்னவள் நான். அது பொய். இவர் இரண்டு வீட்டிலும் ஒரே தாளைத்தான் வாசித்தார். அந்தத் தாளைத் தட்டச்சு செய்தவளும் நான். அதில் எழுதியிருந்தது உண்மை என்று தெரிந்தே சொன்னேன். இவர் ஓய்வு பெறவில்லை. என் சொல்லால் இவருடைய தொழில் போயிற்று."

6.30க்கு வீட்டுக்கு வந்து, எனக்கு ஒரு கட்டன் சாயா போட்டு எடுத்துக்கொண்டு, அண்ணன் எதிரே உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். அவர் டிவியை நிறுத்தினார்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? செத்தவளுக்கு இனி இதுல என்ன கிடைக்கப்போவுது?"

"அவங்க சவப்பெட்டிக்கு முன்னால நிண்ணு இன்னொரு பொய்ய எப்படி வாசிக்க?"

"உள்ளத உன்னோட வச்சுக்க. ஊரு முன்னால நம்ம வீட்டு மானத்த எதுக்கு இழுக்கே?"

"சொன்னதும் ஊரு முன்னாலதானே அண்ணா."

ரிமோட்டை எடுத்து டிவியை மறுபடி போட்டார். பிறகு சொன்னார்: "நாள இத வாசிச்சேன்னா, வாசிச்சிட்டு இந்தப் படி ஏறாத."

இது அவருடைய வீடு. எனக்கு வேறு வீடு இல்லை. சாயா ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் மிச்சம் வைக்காமல் குடித்தேன். 9.00க்குப் படுத்தேன்.

ஜூலை 10, புதன்கிழமை. 5.10க்கு எழுந்தேன். சாரல் விட்டிருந்தது. முற்றம் பெருக்கவில்லை, அடுப்பு பற்றவைக்கவில்லை. முதல் வேலையாகத் தாளை எடுத்துக்கொண்டு இடவழியில் இறங்கினேன். பன்னிரண்டு வருடமாக யாரும் நடக்காத எங்கள் பாதி புல் மூடிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு சருகு இல்லை. எங்கள் படிக்கட்டின் கீழே வரை பெருக்கிய துடைப்பத்தின் கோடுகள் ஈர மண்ணில் தெரிந்தன.

தங்கபாய் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"மொழிபெயர்ப்புக்கார அக்காவுக்க வாழ்க்கைக் குறிப்பு," என்றேன். "பத்து மணிக்கு வாசிக்கணும். நேத்து எங்க வீட்டுல வாசிச்சாச்சு. இங்கயும் ஒரு தடவ வாசிக்கட்டா?"

அவர் விலகி வழிவிட்டார். "இரி. பால் இப்பம்தான் காச்சினேன். நல்ல சாயா போடுகேன்."

"பால் வேண்டாம். கட்டன் போதும்," என்றேன். "அங்கயும் கட்டன்தான்."

தங்கபாய் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் வைத்தார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தேன்.